ஏறுது, திரும்புது, போயாச்சு

கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. இடுக்கில் சம்பந்தியின் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"சம்பந்தி... கொஞ்சம் இப்படி..."

"என்ன சம்பந்தி?" என்றார் ஃபோர்மேன், கூடத்து நாற்காலியிலிருந்து. காதோடு ரகசியம் சொன்னாலே தெருமுனை வரைக்கும் போகிற தொண்டை அவருக்கு.

"ஒண்ணுமில்ல... தண்ணி வந்து... போகாம நிக்குது."

"தண்ணி நிக்குதா!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாடியில் மருமகளின் காலடி நின்றது. கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவின் ஊசி மட்டும் நிற்கவில்லை. வந்ததிலிருந்து அந்த அம்மாள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. காபி வேண்டுமா என்றால் தலையாட்டுவார். வேண்டாமா என்றாலும் அதே தலையாட்டல்தான்.

மற்ற வீடுகளில் தண்ணீர் நின்றால் தண்ணீர்தான் நிற்கும். இந்த வீட்டில் நின்றது ஃபோர்மேனின் மானம்.

போன தடவை சம்பந்தி வீட்டார் பத்து நாள் தங்குவதாக வந்துவிட்டு, இரண்டே நாளில் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். "வீட்ல கொஞ்சம் வேலை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையான காரணம் சம்பந்தியின் முழங்கால். வீட்டில் இருந்த ஒரே கழிவறை மாடியில். அவருக்கோ படிக்கட்டைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வரும். அவர்கள் போனபின் மருமகளின் முகம் தொங்கிய தொங்கலைப் பார்த்துவிட்டு, வெளியூரில் வேலையாக இருந்த மகன்கூட, "அப்பா, எதையாவது செய்யுங்கப்பா" என்று தொலைபேசியில் கெஞ்சும்படி ஆயிற்று.

"அடுத்த தடவை வரட்டும்," என்று மருமகளிடம் சபதம் போட்டார் ஃபோர்மேன். "உங்கப்பாவும் அம்மாவும் பத்து நாளும் இருந்துட்டுத்தான் போவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் உடைந்த குடையும் குடியிருந்த இடுக்கைக் காலி செய்து அங்கே ஒரு கழிவறை கட்டுவது என்று முடிவாயிற்று. ஆனால் சாக்கடை வீட்டின் பின்பக்கம், அதுவும் மேட்டில். வந்து பார்த்த குழாய்க்காரர்கள் எல்லோரும் தலையை இடவலமாக ஆட்டிவிட்டுப் போனார்கள். கழிவு பள்ளத்துக்குத்தான் போகும், மேட்டுக்கு ஏறாது என்றார்கள்.

ஃபோர்மேன் சிரித்துக்கொண்டார். பிஸ்கட் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவுக்கு ஓய்வுபெறும்வரை தலைவராக இருந்தவர் அவர். அவர் வீட்டு இயந்திரங்களில் வெளியாள் கை பட்டதே இல்லை. இது தெருவுக்கே தெரியும். அவர் பழுது பார்த்த துணி துவைக்கும் இயந்திரம் ஆடி ஆடி வாசல் கேட்டு வரைக்கும் நடந்து வந்ததும் தெருவுக்குத் தெரியும்தான். அதை யாரும் அவர் எதிரே எடுப்பதில்லை.

எங்கெங்கோ விசாரித்து மேசரேட்டர் பம்பு ஒன்றை வாங்கி வந்தார். கழிவறைக் கோப்பைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் கத்தி, கத்தியைச் சுற்ற ஒரு மோட்டார். தண்ணீர் இறங்கியதும் தானே ஓடி, உள்ளே வருவதை அரைத்துக் கூழாக்கி, கட்டைவிரல் தடிமனுள்ள குழாய் வழியே மேலே தள்ளிவிடும். குழாய் சுவரில் ஏறி, கூடத்துக் கூரையை ஒட்டிப் போய், சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஒரு திருப்பம் திரும்பிப் பின்பக்கம் இறங்கும். அந்தக் குழாய்க்கு வான நீலத்தில் வண்ணம் வேறு அடித்திருந்தார். நல்ல காரியத்தை எதற்கு மறைக்க வேண்டும்?

"இவ்வளவுதானே, மிக்சி," என்றாள் அவர் மனைவி.

"மிக்சி இல்லடி, மேசரேட்டர்!"

"சட்னி அரைக்கலங்கிறதைத் தவிர வேற என்ன வித்தியாசம்?"

பெட்டிக்கு மின்சாரம் போகும் பொத்தானைக் கழிவறைக்கு வெளியே, விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே பொருத்தினார். ஈரக் கை படக்கூடாதே. தொழிற்சாலையில் இருந்த மாதிரியே உருண்டைப் பொத்தான்: ஒரு தடவை அமுக்கினால் மின்சாரம் வரும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். பார்வைக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சம்பந்திகள் வந்து இறங்கிய அன்று இயந்திரம் சிங்கம் மாதிரி வேலை செய்தது. சத்தமும் சிங்கம் மாதிரிதான். 'கொர்ர்ர்' என்று பெட்டி உறுமும். உடனே ஃபோர்மேன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூரையோரம் விரலை நீட்டுவார்.

"கேட்டீங்களா? இப்ப ஏறுது... ஏறுது... இதோ நம்ம தலைக்கு மேல வருது... திரும்புது... போயாச்சு!" என்று பளீரென்று ஒரு கைதட்டல். பின்பு கதவைத் திறந்துகொண்டு வெளியே வருபவரைப் பார்த்து, "எப்படி? ஒரே மூச்சுல போயிடுச்சு பாத்தீங்களா!" என்று ஒரு பாராட்டு.

அன்று மதியம் மருமகள் உள்ளே போயிருந்தபோது சம்பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க தட்டுக்கு நேர் மேலதான் சம்பந்தி திருப்பம்!" என்று ஃபோர்மேன் காட்டினார். சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். பிறகு தட்டைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

இப்படி முதல் நாள் முழுக்கக் கொடிகட்டிப் பறந்த இயந்திரத்தில்தான் இரண்டாம் நாள் காலையிலேயே தண்ணீர் நிற்கிறது.

ஃபோர்மேன் உள்ளே போய்த் தொட்டித் தண்ணீரை இன்னொரு தடவை திறந்துவிட்டார். நின்ற தண்ணீர் இறங்கவில்லை, ஏறியது. கோப்பையின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்று அவரை முறைத்தது.

"யாரோ எதையோ போட்டிருக்காங்க," என்று கூடத்துக்கு வந்து விசாரணையைத் தொடங்கினார். "பஞ்சு? முடி? ஈரக் காகிதம்? யாரா இருந்தாலும் இப்பவே ஒத்துக்கிட்டா நான் கோபப்பட மாட்டேன்."

"இப்ப படறதுக்குப் பேர் என்னங்க?" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் போடல மாமா," என்றாள் மருமகள், அழுகிற குரலில்.

"வீட்ல இருக்கிறதே அஞ்சு பேரு. அஞ்சு பேரும் போடலன்னா அது தானாவா அடைச்சுக்கும்? மெஷின்னா அதுக்கு ஒரு மரியாதை வேணும். என் கம்பெனியில..."

முழங்கால் வலியோடு சுவரில் கை ஊன்றி நின்றிருந்த சம்பந்தி தர்மசங்கடத்தில் நெளிந்தார். அந்த நொடியில் 'கொர்ர்ர்' என்று பெட்டி உறுமியது. கோப்பைத் தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

"ஏறுது... திரும்புது... போயாச்சு!" கைதட்டினார் ஃபோர்மேன். "பாத்தீங்களா? உள்ள தொடக்கூட இல்ல. ஒரு அதட்டு அதட்டினேன், வழிக்கு வந்துடுச்சு!"

மதியம் மறுபடி தண்ணீர் நின்றது. இந்தத் தடவை அதட்டலுக்கு மசியவில்லை.

"உள்ள உப்பு படிஞ்சிருக்கும்," என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு புட்டி வினிகரை ஊற்றினார். சும்மா ஊற்றினால் போதாது என்று சோப்புத்தூளையும் கொட்டினார். இயந்திரம் வாயைத் திறக்கவில்லை. நுரைதான் வேலை செய்தது. கோப்பையில் பொங்கி, கீழே வழிந்து, கதவுக்கு அடியில் தலையை நீட்டி, கூடத்துக்கு மெல்ல நடந்து வந்தது.

"மாவு பிசையிற பழக்கம் போகல," என்றாள் மனைவி, துடைக்கும் துணியோடு.

ஃபோர்மேன் முகம் சுண்டிப்போய் இன்னும் வலுவான மருந்து வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்தால் கோப்பை பளிங்கு மாதிரி காலியாக இருந்தது. வாசலில் எதிர்வீட்டம்மா நின்றிருந்தாள். தெருவில் ஒரு ஊசி விழுந்தாலும் எந்த வீட்டு ஊசி என்று சொல்லக்கூடியவள்.

"ஏன் சார், நீங்க தெருமுனை திரும்பினதும் உங்க வீட்ல ஒரு விமானம் கிளம்புதே, அது என்ன?"

"நான் போன பிறகா ஓடுச்சு?"

"நேத்து சாயங்காலமும் அப்படித்தானே. நீங்க இந்தப் பக்கம் போறீங்க, அது அந்தப் பக்கம் கத்துது."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டு யோசித்திருப்பார்கள். ஃபோர்மேனும் யோசித்தார்.

"அப்படித்தான் இருக்கும்," என்றார் பெருமையோடு. "கம்பெனியிலயும் நான் நின்னா மெஷினெல்லாம் மூச்சு விடாது."

மறுநாள் பெட்டியைத் திறந்தே பார்த்துவிடுவது என்று கருவிப் பெட்டியோடு வந்தார். கழிவறைக் கதவருகே சம்பந்தி ஒரு கையைச் சுவர்ப்பக்கம் நீட்டியபடி உள்ளே போகத் தயாராக நின்றிருந்தார்.

"இப்ப வேண்டாம் சம்பந்தி! ஆபரேஷன்!"

சம்பந்தி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே போனார். முந்தின நாளிலிருந்தே இப்படித்தான். தெருமுனை நூலகத்துக்குப் போகிறேன் என்று காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நொண்டி நொண்டியாவது போய்விட்டு வருவார். வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி.

"பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னார் ஃபோர்மேன். "நம்ம வீட்டுக்கு வந்து அவருக்கு நடக்கிற தெம்பு வந்துடுச்சு. படிக்கிற ஆர்வமும் வந்துடுச்சு."

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள், விழுங்கிக்கொண்டாள்.

"முதல் விதி," என்று உரக்கச் சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார் ஃபோர்மேன். "மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி மின்சாரத்தை நிறுத்தணும். இது தெரியாமதான் பல பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க."

மூடியைக் கழற்றினார். டார்ச்சு அடித்துக் குனிந்து பார்த்தார். கத்தி பளபளவென்று இருந்தது. பஞ்சும் இல்லை, முடியும் இல்லை, ஒரு தூசி இல்லை.

"தண்ணி சரியா இறங்குதான்னு பாக்கணும். ஒரு வாளி ஊத்து."

மனைவி கோப்பையில் ஊற்றினாள்.

கொர்ர்ர்!

மேலே ஏற வேண்டியது, திரும்ப வேண்டியது, போக வேண்டியது எல்லாம் நேராக ஃபோர்மேன் முகத்துக்கு வந்தது. அவர் பாய்ந்து போய்ப் பொத்தானை அமுக்கினார். நின்றது. மூக்குக்கண்ணாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"மிக்சியை மூடி போடாம ஓட்டினா இப்படித்தான் ஆகும்," என்றாள் மனைவி.

"நான் நிறுத்தினேன்டி! நிறுத்தின மெஷின் ஓடுது! மறுபடி அமுக்கினா ஓடணும், ஆனா நிக்குது! இது என்ன நியாயம்?"

குளித்துவிட்டு வந்து வெகுநேரம் யோசித்தார். பொத்தான் மேல் சந்தேகம் வரவில்லை. அது அவர் கையால் பொருத்தியது. அதைச் சந்தேகப்பட்டால் தன்னையே சந்தேகப்பட்ட மாதிரி. மின்சாரம் எங்கேயோ கசிகிறது, இயந்திரம் குழம்பிப்போயிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலத்துக்குள் கூடத்தின் நடுவில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு முளைத்தது. பெட்டி ஓடினால் விளக்கு எரியும்.

"இனிமே சத்தம் கேட்காத செவிடனுக்கும் தெரியும்!" என்றார் ஃபோர்மேன்.

மருமகள் அந்த விளக்கைப் பார்த்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். சம்பந்தியம்மா ஊசியில் ஒரு கண்ணியை நழுவவிட்டு எடுத்தார்.

விளக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் கெட்டது. யாரும் அதிகம் தண்ணீர் குடிப்பதில்லை. காபி வேண்டுமா என்றால் எல்லோரும் சம்பந்தியம்மா மாதிரியே தலையாட்டினார்கள். மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். ஃபோர்மேன் தெருவில் இறங்கினால் வீட்டுக்குள் ஒரே காலடிச் சத்தம். அவர் நாற்காலியில் இருந்தால் உள்ளே போனவர்கள் நனைந்த பூனை மாதிரி வெளியே வந்தார்கள், பின்னால் தண்ணீர் நின்றது. அபூர்வமாக ஒரு தடவை விளக்கு எரிந்து, "ஏறுது... திரும்புது..." என்று அவர் தொடங்கியபோது, உள்ளேயிருந்து மருமகள் "ஐயையோ" என்றது கூடம் வரைக்கும் கேட்டது.

"சந்தோஷத்துல கத்துது பிள்ளை," என்றார் ஃபோர்மேன்.

ஐந்தாம் நாள் சம்பந்தி தொண்டையைச் செருமினார். "வீட்ல கொஞ்சம் வேலை கிடக்கு..."

அதே வாக்கியம். போன தடவை கேட்ட அதே குரல். ஃபோர்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார். மருமகள் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"சம்பந்தி, உக்காருங்க. மெஷின் மேல உங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சு, அதானே? இதோ, உங்க கண்ணு முன்னாடியே நிரூபிக்கிறேன். நிரூபிச்ச பிறகும் போறேன்னா போங்க."

சாட்சிக்கு எதிர்வீட்டம்மாவையும் கூப்பிட்டார். கூப்பிடுவதற்கு முன்பே அவள் வாசலில்தான் இருந்தாள். மருமகள் தவிர எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, பழைய கம்பெனி பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கோப்பையில் கவிழ்த்தார்.

"முப்பது வருஷம் இதைச் செஞ்சவன் நான். இன்னிக்கு இதை அரைச்சுக் காட்டறேன். எல்லாரும் விளக்கைப் பாருங்க!"

தொட்டித் தண்ணீரைத் திறந்தார். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். விளக்கு அவர்களைப் பார்த்தது. எரியவில்லை.

"முதல்ல அப்படித்தான். இன்னொரு தடவை."

இன்னொரு தடவை திறந்தார். பிஸ்கட் ஊறி உப்பி, தண்ணீரோடு விளிம்புக்கு வந்து, விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கி, யாருக்கும் காத்திராமல் கூடத்துக்குள் நுழைந்தது. எதிர்வீட்டம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். சம்பந்தியின் செருப்பு இரண்டும் படகு மாதிரி வாசலை நோக்கிக் கிளம்பின. சம்பந்தியம்மா நூல்கண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு காலை மட்டும் உயர்த்தினார்.

"பொத்தான்! பொத்தான்!" என்று அலறிக்கொண்டு மனைவி ஓடிப்போய் அமுக்கினாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. அதற்குள் சமையலறையிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்த மருமகளும் அமுக்கினாள். விளக்கு அணைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

ஃபோர்மேன் கண்டது ஒன்றே ஒன்றுதான்: விளக்கு ஒரு தடவை எரிந்தது, உயிரை விட்டது.

"மோட்டார் போயிடுச்சு," என்றார். அவர் வீட்டு வரலாற்றில் முதல் தடவையாக அந்தக் குரல் வாசலைத் தாண்டவில்லை.

தரையைத் துடைத்து முடித்தார்கள். சம்பந்தி நனைந்த செருப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "நாங்க நாளைக்குக் காலையில..." என்று ஆரம்பித்தார். மருமகளின் கண் நிறைந்துவிட்டது.

ஃபோர்மேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரி, அந்தத் தெருவில் எவரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வாக்கியத்தைச் சொன்னார்.

"போகாதீங்க சம்பந்தி. நான் வெளியே இருந்து மெக்கானிக்கைக் கூப்பிடறேன்."

எதிர்வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "மாமா, வேண்டாம் மாமா..." என்றாள் மருமகள். அவள் குரலில் ஏதோ குற்றவாளியின் நடுக்கம்.

"இல்லம்மா. என் பெருமையா பெரிசு? உங்கப்பா அம்மா இருக்கணும், அவ்வளவுதான். என் கையில இனிமே ஒண்ணும் இல்ல. மெஷின்ல என்ன குறைன்னு எனக்குத் தெரியல."

அப்போதுதான் எதிர்நாற்காலியில் ஊசி நின்றது. சம்பந்தியம்மா ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்தார். நிதானமாக எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கினார். பெட்டி உறுமியது, விளக்கு எரிந்தது, நீலக் குழாயில் பிஸ்கட் மாவு கடகடவென்று ஏறிப் போயிற்று. பழக்கத்தில் ஃபோர்மேனின் விரல் கூரையை நோக்கி எழுந்தது. இரண்டு கையும் தட்டுவதற்குத் தயாராக ஒன்றையொன்று நெருங்கின. வந்ததிலிருந்து வாய் திறக்காத அந்த அம்மாள் அவர் கையையே பார்த்தபடி வாய் திறந்தார்.

"மெக்கானிக் வேண்டாம் அண்ணா, அந்தக் கைதட்டலை மட்டும் நிறுத்துங்க, அதுக்குப் பயந்துதான் உங்க வீட்டம்மாவுல இருந்து என் வரைக்கும், ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், உள்ள போறதுக்கு முன்னாடி இந்தப் பொத்தானை அமுக்கிட்டுப் போறோம்."